2010 ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ திரைக்கதை யாருடையது?

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர்களே 2010இல் வந்த படத்தின் திரைக்கதையையும் எழுதினார்கள், ஆகவே தங்கள் கதையைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியான தகவல் இல்லைங்க.

படத்தின் திரைக்கதை, இயக்கம் இரண்டுமே எம். நைட் ஷியாமளன். எழுத்தாளர் என்று அவர் பெயர் மட்டும்தான் வருகிறது. தொடரை உருவாக்கிய மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ இருவருக்கும் ‘எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர்’ (நிர்வாகத் தயாரிப்பாளர்) என்ற பட்டம் உண்டு. குழப்பம் இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பட்டம் இருப்பதாலேயே ஒருவர் வசனமோ காட்சியோ எழுதியதாக ஆகிவிடாது.

சரிபார்ப்பது சுலபம். படம் முடிந்ததும் வரும் பெயர்ப் பட்டியலில் எழுத்து, தயாரிப்பு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். போஸ்டரின் அடியில் உள்ள பொடி எழுத்துகளிலும் இதே விவரம் இருக்கும். மோசமான படங்களுக்குக் கேலியாகத் தரப்படும் ராஸி விருதுகளில், 2011இல் மோசமான திரைக்கதைக்கான ‘பரிசு’ யாருக்குப் போனது என்றும் தேடிப் பாருங்கள். அங்கேயும் ஷியாமளன் பெயர்தான்.

தொடரின் முதல் பருவத்தின் 20 அத்தியாயங்களை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படமாகச் சுருக்கியதில் எனக்கும் நிறைய வருத்தம். நாயகனின் பெயரைக்கூட தொடரில் ‘ஏங்’, படத்தில் ‘ஆங்’ என்று மாற்றி உச்சரித்தார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானது. ஆனால் அந்தப் பழியைத் திரைக்கதை எழுதாதவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.