90% சாக்லேட் என்றால் உசத்தியா?

"பெரிய மனிதர்களுக்குப் பரிசளிக்க 90% சாக்லேட்டே வாங்குங்கள், கொக்கோ கூடக்கூடத் தரமும் கூடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அந்த எண், கொக்கோ விழுதும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்த அளவு மட்டுமே. டார்க் சாக்லேட்டில் மீதி பெரும்பாலும் சர்க்கரை: 100 கிராமில் 70% என்றால் சுமார் 30 கிராம், 90% என்றால் சுமார் 10. கொக்கோ விதை நல்லதா என்பதை எண் சொல்லாது. சரியாகப் புளிக்காத விதையின் துவர்ப்பும், கருக வறுத்ததன் கசப்பும் 90 சதவீதத்தில் அப்பட்டமாகத் தெரியும். மூடி மறைக்கச் சர்க்கரை இல்லையே!

உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு இருந்தால், தங்கத்தாள் சுற்றினாலும் அது 'காம்பவுண்ட்' எனப்படும் மாற்றுக் கொழுப்புச் சரக்குதான். நல்ல கட்டி பளபளப்பாக இருக்கும், உடைத்தால் 'டக்'கென்று முறியும்.

கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். வெயிலில் நின்ற காரில் வைத்தால் இளகி, மறுபடி இறுகும்போது வெள்ளைப் படலம் பூக்கும். அது பூஞ்சை அல்ல, ஆனால் பரிசாக நீட்ட முடியாது. ஃபிரிட்ஜில் வைத்தால் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்; வெளியே எடுத்ததும் திறக்காமல், குளிர் விட்ட பிறகு திறங்கள். இல்லையேல் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து மேலே வெள்ளையாகப் பூத்துவிடும்.

கசப்பு பழகாதவருக்கு 55–65% போதும்.