எலிக்கா, மனுஷனுக்கா?

சாந்தி: நகத்தை வைக்காதீர்கள் ஐயா. எட்டு முள்ளங்கியில் பிறை போட்டுவிட்டீர்கள். இனி இதை யார் வாங்குவார்கள்?

கிராணியார்: முற்றலா இளசா என்று பார்க்க வேண்டாமா? அது போகட்டும், இது வெள்ளை. ஆராய்ச்சி சிவப்புக்குத்தான்.

சாந்தி: மறுபடி அதே ஆராய்ச்சியா?

கிராணியார்: வாட்ஸப்பில் வந்தது. முள்ளங்கிச் சாறு குடித்தால் கல் கரையும், கொழுப்பு கரையும், கால் வீக்கம் வடியும். விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சாந்தி: யாருக்குக் கொடுத்துக் கண்டுபிடித்தார்கள்? எலிக்கா, மனுஷனுக்கா?

கிராணியார்: அதெல்லாம் போடவில்லை. கீழே 'பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று இருந்தது.

சாந்தி: அப்படியென்றால் எலிக்குத்தான். மனுஷனுக்குக் கொடுத்திருந்தால் அவனே வந்து சொல்லியிருப்பான். போன வாரம் நீங்கள் சொன்னதை மகளிடம் கேட்டேன், செர்டாங்கில் விவசாயம் படிக்கிறாளே, அவளிடம். மெக்சிகோவில் செய்திருக்கிறார்களாம். சுண்டெலிக்குக் கொழுப்பாய்த் தீனி போட்டு, பித்தப்பையில் கல் வரவைத்து, அப்புறம் முள்ளங்கிச் சாறு. கல் குறைந்தது உண்மைதான். ஆனால் அது கறுப்பு முள்ளங்கி. உங்களுக்குக் கல் எங்கே?

கிராணியார்: எனக்குக் கல்லே இல்லையே. கால் வீக்கம்தான்.

(மலேசியாவில், சுங்கை சிப்புட் பாசாரில், தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த இவருக்குப் பின்னால் வெண்டைக்காயோடு நிற்கும் எனக்கு இது மூன்றாவது சனிக்கிழமை. காய் கையிலேயே முற்றுகிறது.)

கிராணியார்: முள்ளங்கியை லேசாக நினைக்காதே. விண்வெளி நிலையத்திலேயே போட்டிருக்கிறான். 2020-ல். 27 நாளில் விளைந்து, இருபது செடி அறுத்தான்!

சாந்தி: கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவதற்கே லாரிக்காரன் கேட்கிற கூலி உங்களுக்குத் தெரியாது. அங்கிருந்து இறக்க எவ்வளவு கேட்பானோ! நீங்கள் அதிலும் அம்பது காசு குறை என்பீர்கள்.

கிராணியார்: நான் அனுபவத்தில் பேசுகிறேன். பத்து நாளாய் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ். அப்புறம்தான் பசியாறுவது. பாதி வீக்கம் போய்விட்டது.

சாந்தி: மூக்கில் ஏறியதா?

கிராணியார்: எதற்கு ஏற வேண்டும்? நல்ல இனிப்பு.

சாந்தி: முள்ளங்கிச் சாறு இனித்ததா?

கிராணியார்: இனித்தது.

சாந்தி: முள்ளங்கிக்குள் காரம் தயாராக இருக்காது ஐயா. காரமாகப் போகிற சரக்கு ஒரு பக்கம், அதை உடைக்கிற நொதி ஒரு பக்கம், நிர்வாகமும் யூனியனும் மாதிரி. கத்தி பட்டால்தான் இரண்டும் முகத்தைப் பார்க்கும். பார்த்த உடனே கண்ணில் தண்ணீர். அரைத்தும் இனிக்கிறது என்றால்... சாறு என்ன நிறம்?

கிராணியார்: கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். மருந்தைப் பார்த்துக் குடிக்கக் கூடாது.

சாந்தி: மருமகளிடம் என்ன வாங்கச் சொன்னீர்கள்?

கிராணியார்: சீட்டு எழுதிக் கொடுத்தேன். முள்ளங்கி லோபாக், சிவப்பு மேரா. லோபாக் மேரா. முப்பது வருஷம் ஆபீசில் மலாய் எழுதிய கை.

சாந்தி: அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாள் பாசாருக்கு வந்ததுண்டா? லோபாக் மேரா என்றால் காரட்.

கிராணியார்: காரட்டா?

சாந்தி: இரண்டு கிலோ. நான்தான் நிறுத்துக் கொடுத்தேன்.

கிராணியார்: அப்படியென்றால் அந்த ஆராய்ச்சி...

சாந்தி: எலிக்குக்கூட முள்ளங்கி என்றால் முள்ளங்கிதான் கொடுத்தார்கள் ஐயா. மறுபடி நகம்!

கிராணியார்: ஒரு நகத்துக்கு ஏன் இந்தப் பாடு படுத்துகிறாய்?

சாந்தி: எங்கள் அம்மாவுக்கு நகம் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்த கை. பாராகுவாட் என்கிற அந்த மருந்து பட்டு நகம் கறுத்து, ஒவ்வொன்றாக விழுந்தது. 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், 2020-ல்தான் ஒரேயடியாக நிறுத்தினார்கள். நடுவில் எலியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை, எங்கள் அம்மாதான். செக்ரோலில், அந்த வருகைப் பதிவேட்டில், அவர் பெயருக்கு நேரே தினம் கோடு போட்டது நீங்கள்தானே?

(கிராணியார் முள்ளங்கியைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.)

கிராணியார்: அம்மா நல்லா இருக்கிறாளா?

சாந்தி: இருக்கிறார். என்ன வேண்டும், சொல்லுங்கள்.

கிராணியார்: வெள்ளையே போடு. கிலோ எவ்வளவு?

சாந்தி: நாலு வெள்ளி.

கிராணியார்: மூணு அம்பது.

சாந்தி: 1998-ல் அமெரிக்காவில் ஒரு முள்ளங்கிச் சோதனை நடந்தது. எலி இல்லை, காலேஜ் பிள்ளைகள். சுடச்சுட சாக்லேட் பிஸ்கட் வாசனை வரும் அறையில் உட்காரவைத்து, சிலருக்குப் பிஸ்கட், சிலருக்கு முள்ளங்கி மட்டும். அப்புறம் விடையே இல்லாத ஒரு புதிர். பிஸ்கட் தின்றவர்கள் சுமார் 19 நிமிடம் மல்லுக்கட்டினார்கள். முள்ளங்கி ஆட்கள் 8 நிமிடத்தில் போதும் என்று விட்டுவிட்டார்கள். பிஸ்கட் ஆசையை அடக்கியதிலேயே மன உறுதி தீர்ந்துவிட்டதாம்.

கிராணியார்: பார்த்தாயா! இதுவும் ஆராய்ச்சிதானே?

சாந்தி: 2016-ல் 23 ஆய்வுக்கூடங்களில் அந்தக் கருத்தை வேறு விதமாகச் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. ஆனால் உங்களிடம் தேறுகிறது. அம்பது காசுக்கு அரைமணி நேரமாக நிற்கிறீர்கள். முள்ளங்கி தின்ற ஆள் இப்படி நிற்க மாட்டான்.

கிராணியார்: சரி, சரி, நாலே வெள்ளி. ஆனாலும் வீக்கம் குறைந்தது குறைந்ததுதான். கூடவே ஒரு கிலோ காரட் போடு. மகளிடம் கேட்டு வை, காரட்டுக்கும் ஏதாவது ஆராய்ச்சி இருக்கும்.

சாந்தி: கேட்கிறேன். அக்கா, உங்களைத்தான்! வெண்டைக்காயை ஒடிக்காதீர்கள்.