பொங்கலுக்குள் தொலைந்துபோன பிறந்தநாள்

ஜூலை 9 வந்துவிட்டால் எங்கள் லுத்தரன் சபைக்காரர்களுக்குக் கால் தரையில் நிற்காது. டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள். (எங்கள் பேச்சில் ஐயர் என்றால் போதகர்.) வேன் பிடித்துப் போய் மாலை போட்டு, புதிய எருசலேம் ஆலயத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம். நானும் போயிருக்கிறேன். அந்த ஆலயத்தின் முகப்பை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 1718 என்ற ஆண்டுக்கு மேலே டென்மார்க் ராஜாவின் முத்திரையும் கிரீடமும் இருக்கும். அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்துபோன சீகன்பால்க் உள்ளே பீடத்தருகே கிடக்கிறார்.

சீகன்பால்க்கைக் கொண்டாட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது 1706-இல் அல்ல, 1919 ஜனவரி 14-இல். அன்று பொங்கல் வந்துவிடுகிறது, பிறந்தநாள் கரும்புக்கட்டுக்குள் காணாமல் போய்விடுகிறது.

அந்தப் பிறப்பே ஒரு யுத்தத்தின் விளைவு. 1840-இலிருந்து இங்கே வேலை செய்தவர்கள் லைப்சிக் மிஷன் ஜெர்மானியர்கள். முதல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் அவர்களைக் காவலில் வைத்து, பிறகு கப்பலேற்றி அனுப்பிவிட்டது. சுவீடன் போரில் சேராத நாடு. அதனால் கூடவே இருந்த சுவீடிஷ் மிஷனரிகள் பொறுப்பை ஏற்றார்கள். பேராயர் என்ற பதவியும் அவர்கள் வழியாகவே நமக்கு வந்தது. லூத்தர் வழிக்கு மாறியபோதும் பேராயர்களை விடாமல் வைத்துக்கொண்ட சபை சுவீடன் சபை. 1921-இல் ஹெய்மன் முதல் தரங்கைப் பேராயர் ஆனார். பட்டத்தில் ஊர் தரங்கம்பாடி, அலுவலகமோ திருச்சியில், தரங்கைவாசம் என்ற இடத்தில். வெளியூர்க்காரர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும்.

சி.எஸ்.ஐ. (பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றாகி உருவான தென்னிந்தியத் திருச்சபை) நண்பர்கள் "உங்க டயோசிஸ் எது?" என்று கேட்பார்கள். அங்கே பல பேராயம், பல பேராயர். 1947-இல் அந்த ஐக்கியத்தில் நாங்கள் சேரவில்லை. இங்கே திருச்சபை முழுவதுமே ஒரே பேராயம், ஒரே பேராயர். கீழே குருசேகரங்கள் என்ற போதகர் வட்டாரங்கள், மேலே ஆலோசனைச் சங்கம், எல்லாவற்றுக்கும் மேல் சினாட் என்ற பொதுப்பேரவை. ஓட்டுப் போட்டுத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்தல் வந்தால் ஜெபக்கூட்டத்தில்கூட யார் எந்த அணி என்ற கணக்கு ஓடும். வெளியே சிரித்தாலும், இது நம் கைக்கு வந்த உரிமை என்பதில் எனக்குச் சின்னப் பெருமைதான்.

ஏனென்றால் அது கைக்கு வர எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். 1733-லேயே ஆரோன் குருப்பட்டம் பெற்றுவிட்டார். இந்திய மண்ணின் முதல் புராட்டஸ்டன்ட் குரு. மிஷன் வந்து 27 ஆண்டில் ஒரு தமிழர் அங்கி போட்டாயிற்று. ஆனால் பேராயர் நாற்காலியில் முதல் தமிழராக இராஜா மாணிக்கம் உட்கார்ந்தது 1956-இல். நடுவே 223 ஆண்டுகள்! 1919-இல் "சுயாதீனம்" வந்த பிறகும் முதல் மூன்று பேராயர்களும் சுவீடன்காரர்கள்தான்.

பழியை முழுக்க வெள்ளைக்காரர் தலையில் கட்டவும் முடியாது. தஞ்சை ராஜாவின் படையில் இருந்து உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாத போதனை ஊழியர், ஆனவர் ராஜநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்தவர், ஊழியத்தில் சளைக்காதவர். 1741-இல் இரண்டாவது தமிழ்க் குருவை அபிஷேகம் செய்யும் பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. பட்டம் தியோகு என்ற இன்னொரு உபதேசியாருக்குப் போனது. ராஜநாயக்கன் கையால் நற்கருணை அப்பமும் ரசமும் வாங்க மற்ற சாதிக்காரர்கள் வரமாட்டார்கள் என்ற பயம். அப்படி வரமாட்டேன் என்று நின்றிருக்கக்கூடியவர்கள் யார்? நம்ம தாத்தாக்கள்தானே? ஜூலை 9 பிரசங்கங்களில் இந்தப் பெயரை இதுவரை நான் கேட்டதில்லை.

போன ஜனவரி எங்கள் ஐயரிடம், "14-ஆம் தேதி ஒரு சின்ன ஆராதனை வைக்கலாமே ஐயா" என்றேன். "பொங்கலன்னைக்கு யாருப்பா வருவா?" என்றார். வைத்தார். ஆலயப் பணியாளரான கோயில்குட்டியையும் சேர்த்து ஏழு பேர் வந்தோம். முடிந்ததும் ஐயரம்மா எல்லார் கையிலும் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள்.