அம்மா அப்பாவை ஜப்பானுக்கு அழைத்துப் போங்கள்

பெற்றோருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் என்றதும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று மூன்று பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஜப்பான் என்று வாயெடுத்தால், "வயசான காலத்துல அந்த ஊர் பாஷையும் சாப்பாடும் அவங்களுக்கு ஒத்துக்குமா?" என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய இருவரையும் அழைத்துப்போய் வந்தவள் சொல்கிறேன், தாராளமாக ஒத்துக்கொள்ளும். பாஷையை நினைத்துப் பயப்படவே வேண்டாம். ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது, மற்றதுக்குப் போன் இருக்கிறது. கழிவறையில் தண்ணீர் இருக்குமா என்று அம்மா கேட்ட கேள்விக்கும் அங்கே நல்ல பதில் உண்டு. பெரும்பாலான ஹோட்டல்களில் பொத்தானை அழுத்தினால் வெதுவெதுப்பாகவே வரும். நாம் மெனக்கெட வேண்டியது வயிற்றுக்கும் முழங்காலுக்கும்தான்.

அம்மா சுத்த சைவம். ஜப்பானில் கறித்துண்டு ஒன்றுகூட இல்லாத நூடுல்ஸிலும் மீன் இருக்கும். காயவைத்துச் சீவிய மீனிலிருந்து எடுக்கும் 'தாஷி' என்ற சாறுதான் அவர்கள் சமையலுக்கே அடிப்படை. சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும் அதுதான், வேகவைத்த காய்கறியிலும் அதுதான். ஆகவே "மீன் சாறும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்று அம்மாவின் கைப்பையில் எப்போதும் இருந்தது. பெரிய ஊர்களில் இந்திய, நேபாள உணவகங்கள் உண்டு. அதைவிடக் கைகொடுத்தது தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன், லாசன் மாதிரியான கடைகள். வெந்த சோறு பாக்கெட்டில் கிடைக்கும், சூடாக்கியும் தருவார்கள். சர்க்கரை சேர்க்காத தயிரும் அங்கேயே கிடைக்கும். ஊரிலிருந்து ஊறுகாயும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி சேர்ந்த எதையும் மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். இறங்கிய இடத்திலேயே சோதனை உண்டு.

மருந்து விஷயத்தில் ஜப்பான் மிகக் கண்டிப்பு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கும், கோடீன் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள இருமல் மருந்துக்கும் முன்கூட்டியே தனி அனுமதி வேண்டும்; அது இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தூக்க மாத்திரைக்குத் தனி விதிகள். கிளம்பும் முன் அட்டைகளைத் திருப்பிப் பெயரைப் படித்துவிடுங்கள். பயணக் காப்பீடும் கட்டாயம் எடுங்கள். வெளிநாட்டு மருத்துவமனைச் செலவு நம் கைக்கு அடங்காது.

இனி முழங்கால். அங்கே நடை அதிகம், நாம் நினைப்பதைவிட மிக அதிகம். இரண்டு மாதம் முன்பே காலை நடையைத் தொடங்கச் சொல்லுங்கள். கோயில்களில் அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால் நாடா இல்லாத ஷூ வாங்கிக்கொடுங்கள். ரயில் நிலையங்களில் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. கூகுள் மேப்பில் சக்கர நாற்காலிக்கான வழியைத் தேர்ந்தெடுத்தால் லிஃப்ட் உள்ள பாதையைக் காட்டும். பாரம்பரிய விடுதி அழகுதான், ஆனால் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வேண்டும். கட்டில் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவே வேண்டாம். 'தக்கியூபின்' என்ற சேவையில் ஹோட்டல் வரவேற்பிலேயே கொடுத்துவிட்டால், டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஹோட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். இடையில் ஓர் இரவுக்கான துணியும் மாத்திரையும் தோள்பையில் இருந்தால் போதும்.

"ஜேஆர் பாஸ் எடுத்தால் லாபம்" என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். ஒருமுறை காசு கட்டினால் குறிப்பிட்ட நாள்வரை ஜப்பான் ரயில்களில் சுற்றலாம் என்ற சீட்டு அது. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென்தான். பாஸுக்குக் கட்டிய காசை எடுக்க வேண்டுமென்று ஊர் ஊராக ஓடும் பயணம் பெற்றோருக்கு வேண்டாம். இரண்டே ஊர் போதும். ஒரு வாரத்தில் ஆறு ஊர் காட்டும் பேக்கேஜ்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பேருந்து ஜன்னலைத் தவிர அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

நம் பெற்றோர் மனதைத் தொடும் இடங்கள் அங்கே நிறைய. டோக்கியோவின் அசாகுசா பகுதியில் மட்சுச்சியாமா ஷோதென் கோயில் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் நம் பிள்ளையார். பெயர் கங்கிதென். சிலையைக் காட்ட மாட்டார்கள், படையல் முள்ளங்கி. அப்பா ஒரு முள்ளங்கி வாங்கி வைத்துத் தோப்புக்கரணம் போட்டார். கியோட்டோவுக்குப் பக்கத்தில் உள்ள நாரா ஊரின் தோதாய்-ஜி கோயிலில் 15 மீட்டர் உயரப் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்துவைத்தவர் இந்தியத் துறவி போதிசேனர். இதைச் சொன்ன பிறகு அம்மா அந்த மண்டபத்தை விட்டு நகரவே இல்லை. அடுத்து போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம்.

கடைசியாகத் தேதி. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை, நாடே ஊர் சுற்றும். ஜூனில் மழை, ஆகஸ்டில் நம் ஊரை ஒத்த புழுக்கம். மே நடுவிலோ, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலோ போங்கள். விசாவுக்கு நாள்வாரியான பயணத் திட்டமும் வருமான ஆவணமும் கேட்பார்கள். பெற்றோருக்கு வருமான வரித் தாக்கல் இல்லையென்றால் செலவை ஏற்கும் உங்கள் ஆவணங்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதை முதலில் எடுத்து வையுங்கள், டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம்.