பெரிய கம்பெனியாச்சே, அப்படியெல்லாம் இருக்காதே!

இந்த ஒரு வரியை இதுவரைக்கும் பதினோரு பேர் எங்கிட்ட சொல்லிட்டாங்க. விரல் விட்டு எண்ணிட்டே வந்தேன். பன்னெண்டாவது ஆள் சொன்னா, கையில கரண்டி இருந்தா கரண்டி, கொழம்புச் சட்டி இருந்தா சட்டின்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்து எழுதறேன்.

விஷயம் மிக்ஸி. 750 வாட்ஸ், மூணு ஜார், கூட ஒரு ஜூஸர், 6,400 ரூபா. ஒரு தீபாவளிக்கு முன்னாடி வாங்கினது. அடுத்த தீபாவளி தாண்டி பொங்கல் வர்றதுக்குள்ள, ஒரு செவ்வாய்க்கிழமை காலைல தேங்காச் சட்னி அரைக்கறப்ப குப்புனு ஒரு கருகல் வாசம். அடியில இருந்து புகை. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. சட்னி பாதி தேங்காயும் பாதி முழுப் பொட்டுக்கடலையுமா ஜார்லயே நின்னுருச்சு. பையன் இட்லிக்குப் பொடி வெச்சுத் தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். சொன்னா பேச்சு அந்தப் பேரைப் பத்தின சண்டையா மாறிரும், என் மிக்ஸி எரிஞ்ச கதை காத்தோட போயிரும். எங்கம்மா 1996ல வாங்கின மிக்ஸியும் அதே பேர்தான். அது 26 வருஷம் ஓடுச்சு. அதனாலதான் நானும் கடைக்குள்ள போனதும் விலையைப் பார்க்கல, பக்கத்துல இருந்த வேற மாடலைப் பார்க்கல, நேராப் போய் அந்தப் பேர் மேல கை வெச்சேன். "நம்ம வீட்ல எப்பவும் இதுதானுங்க"ன்னு கடைக்காரர்கிட்ட பெருமையா வேற சொன்னேன். குலதெய்வம் மாதிரி. நெனைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

மொதல்ல சர்வீஸ் சென்டர். மோட்டாருக்கு அஞ்சு வருஷம் வாரண்டின்னு பெட்டி மேலயே பெரிய எழுத்துல போட்டிருக்கு. அங்க இருந்த தம்பி மிக்ஸியைத் திருப்பிக்கூடப் பார்க்கல.

"என்ன மேடம் அரைச்சீங்க?"

"தேங்கா."

"கெட்டியா அரைச்சிருப்பீங்க. ஓவர்லோடு. இது வாரண்டில வராது."

ஏம்பா, ஓவர்லோடு ஆனா தானா நிக்கட்டும்னுதானே அடியில செவப்பு பட்டன் ஒண்ணு வெச்சிருக்கீங்க? லோடு ஜாஸ்தியானா அது டக்குனு வெளிய வந்து மோட்டாரை நிறுத்தணும், ஆறினதும் அமுக்கிட்டு மறுபடி ஓட்டணும், அதுக்குத்தானே அது? மோட்டார் எரியற வரைக்கும் அந்த பட்டன் ஏன் வெளிய வரலை? இதைக் கேட்டேன். அந்தத் தம்பி என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் கேட்டது: "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்களேன் மேடம்."

சார்! எங்க வீட்டு சாருக்கு மிக்ஸில எந்த ஜாருக்கு எந்த மூடின்னுகூடத் தெரியாது. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 14 மாசம், அந்த மெஷினைத் தொட்டவ நான். எந்த வேகத்துல வெச்சா எப்படி உறுமும், இஞ்சி நார் மாட்டினா சத்தம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். புகை வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சத்தம் சரியில்லைன்னு நான் சொன்னேன். அப்ப சார் சொன்னது என்ன தெரியுமா? "பெரிய கம்பெனியாச்சே, அப்படியெல்லாம் இருக்காதே." ஆமாங்க, அந்தப் பதினோரு பேர்ல ஒண்ணாம் நம்பர் என் வீட்டுக்குள்ளயேதான் இருக்கு.

பொருள் கெட்டுப் போறதுகூடப் பரவால்ல. இரும்பு, கம்பி, பிளாஸ்டிக், என்னைக்கோ ஒருநாள் போகத்தான் செய்யும். என்னைக் கொதிக்க வைக்கறது வேற. கெட்டுப் போச்சுன்னு சொன்ன உடனே எல்லாரும் என் பக்கம் திரும்பறாங்க பாருங்க, அது. சின்னம்மா: "நீ ஜாரை ரொம்ப ரொப்பியிருப்பே கண்ணு." நாத்தனார்: "எங்க வீட்ல அதேதான் ஓடுது, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே." கீழ் வீட்டு அக்கா: "வோல்டேஜ் பிரச்சனையா இருக்கும்." வோல்டேஜ் மேல தப்பு, என் மேல தப்பு, தேங்கா மேலகூடத் தப்பு இருக்கலாம், அந்தப் பேர் மேல மட்டும் தப்பு இருக்கவே முடியாது. யாருக்கும் அந்தக் கம்பெனியில பங்கு கிடையாது. மொதலாளி யாருன்னுகூடத் தெரியாது. ஆனா வக்கீல் வேலை மட்டும் ஓசியில பார்க்கறாங்க.

இது மிக்ஸிக்கு மட்டும் நடக்கறது இல்லைங்கறது ஒரு சின்ன ஆறுதல். 2010ல ஐபோன் 4 வந்தப்ப, இடது பக்கக் கீழ் ஓரத்தை மூடற மாதிரிப் பிடிச்சா சிக்னல் விழுதுன்னு வாங்கினவங்க புகார் சொன்னாங்க. ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ்கிட்ட இருந்து வந்த பதில், அப்படிப் பிடிக்காதீங்கங்கறதுதான். கையில வெச்சுப் பேசறதுக்குத்தானய்யா போனு? அப்புறம் அடுத்த மாசமே கூட்டம் போட்டு எல்லாருக்கும் ஓசியா ஒரு உறை குடுத்தாங்க. அதே கம்பெனி 2015ல மேக்புக்ல மெலிசா ஒரு கீபோர்டு கொண்டு வந்துச்சு. எழுத்து ஒட்டிக்குது, ஒரு தடவை தட்டினா ரெண்டு தடவை விழுதுன்னு ஜனங்க கத்திக்கிட்டே இருந்தாங்க. ஓசியில சரி பண்ணித் தர்றோம்னு அறிவிக்கறதுக்கு 2018 ஆச்சு. மூணு வருஷம்! அந்த மூணு வருஷமும் எத்தனை வீட்ல, எத்தனை ஆபீஸ்ல, "ஆப்பிளாச்சே, அப்படி இருக்காதே, நீ காபி கொட்டியிருப்பே"ன்னு சொல்லியிருப்பாங்க!

சரி, என் கதைக்கு வர்றேன். மிக்ஸியைத் தூக்கிட்டு எங்க தெருமுனை ரிப்பேர்கார அண்ணன்கிட்ட போனேன். பத்தடிக்குப் பத்தடி கடை. மேல கம்பியில கப்ளர், அதான் ஜாரை மோட்டாரோட சேர்க்கற பல்சக்கரம், மாலை மாதிரி தொங்கும், கீழ செத்துப் போன மிக்ஸிங்க குவிஞ்சு கெடக்கும். அண்ணன் நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, மோட்டாருக்குள்ள எரிஞ்சு போன காயிலை, அந்தக் கம்பிச் சுருளைக் காட்டினார். பார்க்கறதுக்கு செம்புக் கம்பி மாதிரிதான் இருந்துச்சு. பிளேடை எடுத்து லேசாச் சுரண்டினார். உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம்.

"பூச்சுதான் காப்பர் கலரு அம்மிணி" அப்படின்னார்.

அதே கனத்துக் கம்பியில செம்பை விட அலுமினியத்துக்கு மின்தடை ஒண்ணரை மடங்குக்கும் மேல. தடை ஜாஸ்தின்னா சூடு ஜாஸ்தி. கம்பியைத் தடிமனாப் போட்டு, மோட்டாரை அதுக்குத் தக்கன செஞ்சா அலுமினியமும் ஓடும்னு அவரே சொன்னார், நியாயமான மனுஷன். ஆனா இதுல அப்படிச் செய்யலையாம். "பழசு கொண்டாங்க, காட்டறேன்"னார். அம்மா வீட்ல பரண்ல கெடந்த 1996 மிக்ஸியைத் தூக்கிட்டு வந்தேன். வெளிய கவர் மஞ்சளாகிப் பல் காரை மாதிரி இருக்கு, உள்ள சுத்தமான செம்பு. எடையே ரெண்டும் வேற. தூக்கினாலே தெரியுது. கடையில நான் புதுசைத் தூக்கிப் பார்த்து, "அட, லைட்டா இருக்கே, கழுவறதுக்கு சௌகரியம்"னு சந்தோஷப்பட்டவ. என்னை நானே எதால அடிச்சுக்கறது?

பேர் அதே, எழுத்து அதே, அந்த வளைஞ்ச கோடுகூட அதே. உள்ள இருக்கறது வேற பொருள். இதைத்தான் நம்ம ஜனம் புரிஞ்சுக்க மாட்டேங்குது. பேர்ங்கறது இன்னைக்கு வாடகைக்குக் கிடைக்கற சாமான். கல்யாண மண்டபம் மாதிரி, யாரு வேணா எடுத்துக்கலாம். இனி சொல்ற பேர் எதுவும் என் மிக்ஸியோட பேர் இல்லை, முன்கூட்டியே சொல்லிடறேன். பிலிப்ஸ் தன்னோட வீட்டு உபயோகப் பொருள் வியாபாரத்தை 2021ல ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துருச்சு. பேரை மட்டும் பதினஞ்சு வருஷத்துக்கு உரிமம் குடுத்திருக்கு. நோக்கியான்னு போட்டு வந்த போன்களை 2016க்கு அப்புறம் பல வருஷம் வித்தது எச்எம்டின்னு வேறொரு கம்பெனி. கோடாக்னு போட்ட டிவி நம்ம ஊர்ல விக்குதே, ஃபிலிம் ரோல் செஞ்ச கோடாக் அதைச் செய்யலை. சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ்னு ஒரு இந்தியக் கம்பெனி உரிமம் வாங்கிச் செய்யுது. கெல்வினேட்டர் ஃபிரிட்ஜ் பேர் கை மாறி மாறி 2025ல ரிலையன்ஸ்கிட்ட வந்திருக்கு. இதெல்லாம் மோசமான பொருள்னு நான் சொல்லலை, நல்லதாவே இருக்கலாம். ஆனா "எங்க தாத்தா காலத்துல இருந்து கெல்வினேட்டர்தான்"னு சொல்றப்ப, தாத்தா வாங்கினவன் வேற, நீங்க வாங்கறவன் வேற. சாமி வேற கோயிலுக்குக் குடி போயிருச்சு. நாம பழைய வாசப்படியில தேங்கா ஒடைச்சுட்டு இருக்கோம்.

"அப்போ வாங்கினவங்க ரிவியூ பார்த்து வாங்க வேண்டியதுதானே"ன்னு என் கூடப் பொறந்த தம்பி சொன்னான், கம்ப்யூட்டர் படிச்சவன். பார்த்தேன். எரிஞ்சதுக்கு அப்புறம்தான். நாலரை ஸ்டார். ஆயிரக்கணக்குல. படிச்சா, "டெலிவரி சீக்கிரம் வந்தது, 5 ஸ்டார்." "பேக்கிங் அருமை, 5 ஸ்டார்." "இன்னும் உபயோகிக்கவில்லை, பார்க்க அழகாக உள்ளது, 5 ஸ்டார்." இன்னும் உபயோகிக்கலைன்னா எதுக்கய்யா எழுதறே? பொண்ணு பார்த்துட்டு வந்த அன்னைக்கே அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்துரை எழுதற மாதிரி! இதுபோக, பெட்டிக்குள்ள ஒரு சீட்டு: 5 ஸ்டார் போட்டுப் படம் அனுப்பினா 100 ரூபா. இணைய விமர்சனங்களுக்குன்னே 2022 நவம்பர்ல ஐஎஸ் 19000னு ஒரு தர விதியை நம்ம பிஐஎஸ், அதான் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, கொண்டு வந்துச்சு. யாரு எழுதறாங்கன்னு சரி பார்க்கணும், காசு குடுத்து எழுதி வாங்கக் கூடாதுன்னெல்லாம் இருக்கு. ஆனா கொண்டு வந்தப்ப அது கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவங்க கடைப்பிடிக்கலாம். விருப்பப்பட்டு எவன் கடைப்பிடிப்பான், நீங்களே சொல்லுங்க.

ஸ்டார் பக்கத்தைக் கடந்து கீழ போய், ஒண்ணு ரெண்டு ஸ்டார் போட்டவங்க எழுதினதை ஒரு ராத்திரி முழுக்கப் படிச்சேன். அங்க இருந்துச்சு எல்லாம். "8 மாசத்துல கப்ளர் தேஞ்சுருச்சு." "ஒரு வருஷத்துல மோட்டார் புகைஞ்சுது." "சர்வீஸ்ல என் மேல தப்புன்னு சொல்றாங்க." வரிக்கு வரி என் கதை. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பொம்பளைங்க, என்னை மாதிரியே பாதி அரைச்ச சட்னியோட நின்னு, நமக்குத்தான் அரைக்கத் தெரியலையோன்னு யோசிச்சிருக்காங்க. அவங்க ஒவ்வொருத்தருக்கும் கீழ கம்பெனியோட ஒரே பதில், எழுத்து மாறாம: உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம்.

இதைத் தம்பிகிட்ட காட்டினா அவன் சொல்றான், "போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் வெச்சு எழுதியிருப்பான்க்கா. பெரிய கம்பெனி, அப்படியெல்லாம்..." ஒன்பதாம் நம்பர்.

வேடிக்கை என்னன்னா, இதே குடும்பத்துக்கு ஒழுங்காப் பொருள் வாங்கத் தெரியும். எங்க கிரைண்டரைப் பாருங்க. நாங்க கோயம்புத்தூர்க்காரங்க. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரு. 19 வருஷம் முன்னாடி அத்தை கணபதி பக்கம் ஒரு பட்டறையில வாங்கினாங்க. கம்பெனிப் பேரா? ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, அதுவும் மூணாவது மாசமே உரிஞ்சு போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி அத்தை என்ன பண்ணாங்க தெரியுமா? இட்லிக்கடை வெச்சிருந்த ரெண்டு அக்காமாருகிட்ட போய், எதுல அரைக்கறீங்க, எத்தனை வருஷமா ஓடுது, கல்லுல இருந்து மண்ணு உதிருதா, பெல்ட் எத்தனை தடவை மாத்தினீங்கன்னு கேட்டாங்க. ஊத்துக்குளிக் கல்லானு தட்டிப் பார்த்தாங்க. பட்டறையில நின்னு அரிசி ஊத்தி ஓட்டச் சொன்னாங்க. பட்டறைக்காரர் சலிச்சுக்கிட்டாராம். அந்தக் கிரைண்டர் இன்னைக்கும் ஓடுது. அதே அத்தைதான் என் மிக்ஸிக்குச் சொன்னது, "பெரிய கம்பெனியாச்சே." நாலாம் நம்பர்.

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரலை. 1996ல அப்பா அந்த மிக்ஸிக்கு மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல குடுத்தார். நான் குடுத்தது அந்தக் கணக்குல ரொம்பக் கம்மி. அந்தக் காலத்துல வாங்கி அஞ்சு வருஷத்துல செத்த மிக்ஸியெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருச்சு. மிஞ்சின ஒண்ணு ரெண்டைப் பார்த்துத்தான் "அந்தக் காலத்துப் பொருள்"னு உருகறோம். அதுவும் எனக்குத் தெரியும். ஆனா காசுக்கேத்த பொருள்தான் தர்றேன்னா, அதைப் பெட்டி மேல எழுதேன்! செம்பு நிறத்துல எதுக்குப் பூச்சு?

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சிருக்கேன். எண் குடுத்திருக்காங்க. பார்ப்போம்.

இதுக்கு நடுவுல ரிப்பேர்கார அண்ணன் அந்த 1996 மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ்ஷும் கப்ளரும் மாத்தி, எங்கயோ தேடி ஒரு ஜாரும் புடிச்சுக் குடுத்தார். எல்லாம் சேர்த்து 850 ரூபா. சத்தம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு, ஆனா சட்னி வெண்ணெயா வருது. நேத்து சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா வந்தாங்க. பொண்ணுக்குச் சீர் சாமான் எடுக்கணுமாம். அடுப்படியில அந்த மஞ்சப் பழுப்பு மிக்ஸி உறுமிட்டு இருந்ததைப் பார்த்து, "எத்தனை வருஷமாச்சு இது?"ன்னு கேட்டாங்க. வாங்கி முப்பது வருஷத்துக்குக் கிட்டன்னேன். கிட்ட வந்து, மங்கிப் போன அந்தப் பேரை விரலால தடவிப் பார்த்தாங்க.

"அதானே! பெரிய கம்பெனின்னா சும்மாவா? பொண்ணுக்கும் இதையே எடுத்துடறேன் கண்ணு."

கையில கரண்டிதான் இருந்துச்சு. அக்கா வயசுல பெரியவங்க. மெதுவா மேடை மேல வெச்சுட்டு, "உக்காருங்க அக்கா, காபி போடறேன். எரிஞ்சது ஒண்ணு இருக்கு, காட்டறேன்"னேன். ஒரு மணி நேரம். காயிலைக் கையில குடுத்தேன், பிளேடால சுரண்டிக் காட்டினேன், ரெண்டையும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. காபியைக் குடிச்சு முடிச்சுட்டு, வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டாங்க: "நீ அரைக்கறப்ப தண்ணி ஊத்தாம அரைச்சியோ?"

சனிக்கிழமை கடைக்குப் போறாங்களாம்.