முகம் அதே, ஆள் வேறு

காப்கிரா நோய் என்றால் 'நெருங்கியவர்களின் முகம் மறந்துபோவது' என்று ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சரியில்லை. முகம் மறப்பதில்லை. அச்சு அசலாக அதே முகம்தான் என்று நோயாளிகளே ஒப்புக்கொள்வார்கள். ஆள்தான் வேறு என்பார்கள்.

என் அப்பாவுக்கு மறதிநோயோடு இதுவும் வந்தது. அம்மா கொடுத்த காபியைக் குடித்து டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்கள் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறீர்கள். என் சம்சாரம் வருவதற்குள் கிளம்பிவிடுங்கள், பார்த்தால் சங்கடப்படுவாள்" என்றார். அம்மா கொல்லைப்பக்கம் போய்ச் செல்போனில் அழைத்தார். உடனே அப்பா, "எங்கே போய்த் தொலைந்தாய்? இங்கே யாரோ ஓர் அம்மாள் வந்திருக்கிறார்" என்று பழைய உரிமையோடு சண்டை பிடித்தார்!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1997இல் விவரித்த நோயாளியும் இப்படித்தான். விபத்தில் தலையில் அடிபட்டவர். பெற்றோரை நேரில் கண்டால் போலிகள் என்பார். தொலைபேசியில் பேசினால் நம்புவார். முகத்தை அறியும் பகுதிக்கும் பாசத்தைக் கிளப்பும் பகுதிக்கும் இடையே தொடர்பு அறுந்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். குரல் வேறு வழியாகப் போகிறது, அதனால் தப்பித்தது.

ஆதாரம் காட்டி வாதாடுவது வீண். கல்யாண ஆல்பத்தையும் ரேஷன் அட்டையையும் எடுத்து நீட்டினோம். அப்பா நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகவே ஜோடித்திருக்கிறார்கள்" என்றார்.