கரம் ரசீதில் பேர் இல்லாத விவசாயிகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது பெண்கள்தான். ஆனால் "விவசாயி எங்கே?" என்று கேட்டால் எல்லோரும் ஆம்பளையைத்தான் தேடுகிறார்கள். இது பெரிய அநியாயம்.

என் பெரியம்மா விதைக்கடலையை மெஷினில் கொடுக்க மாட்டார். கையாலேயே உடைப்பார். ஒவ்வொரு பருப்பாகப் புரட்டிப் பார்த்து, சிவப்புத் தோல் உரிந்ததைத் தனியே ஒதுக்குவார். அது மண்ணுக்குள் போனால் முளைக்காமல் அழுகிவிடும். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும், அதற்குள் எந்தக் காட்டை உழுது போடணும் என்பதும் அவர் கணக்குதான். பெரியப்பா பல வருசமாகக் கோயம்புத்தூரில் வேலை. ஆனால் நிலவரி கட்டியதற்கான கரம் ரசீது அவர் பேரில். மானிய விண்ணப்பத்தில் கையெழுத்து அவருடையது. பயிர் காய்ந்து நிவாரணம் வந்தால் பணம் ஏறுவதும் அவர் கணக்கில்தான்.

"எனக்கெதுக்குச் சாமி பேரு, வெள்ளாமை வந்தாப் போதும்" என்பார் பெரியம்மா. போதாது. மத்திய அரசு விவசாயிகளுக்கு வருசா வருசம் கொடுக்கிற பிஎம் கிசான் திட்டத்தின் 6000 ரூபாய் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். வங்கியில் பயிர்க்கடன் கேட்டாலும் முதலில் நிலத்தின் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுக்க சாகுபடி நிலம் வைத்திருப்பவர்களில் 100-க்கு 14 பேர்தான் பெண்கள். பாடுபடுகிறவர்களைக் கணக்கெடுத்தால் இப்படியா வரும்?

இது வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. 2005-லேயே மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இருந்தும் பாகம் பிரிக்கிற அன்றைக்கு "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே அம்மிணி" என்று சொல்லி பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். அவளும் அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடக் கூடாதே என்று போட்டுக் கொடுக்கிறாள். பிறந்த வீட்டு நிலமும் இல்லை, புகுந்த வீட்டு நிலத்தில் பேரும் இல்லை.

கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மாநில அரசுத் திட்டத்தில் இருக்கிற பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிலம் எடுத்து நெல்லும் காய்கறியும் போடுகிறார்கள். குழுவின் பேரிலேயே கடனும் கிடைக்கிறது. நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் இங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகையைத் தடை செய்திருப்பதால் பெரும்பாலும் எல்லாம் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். நிலத்துக்காரர் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் விவசாயிகளின் உரிமைக்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பேரில் இல்லாவிட்டாலும், விவசாயம் செய்கிற பெண்ணுக்கு கிராமசபை ஒப்புதலோடு பஞ்சாயத்தே விவசாயி என்று சான்றிதழ் தரணும் என்றது அது. 2013-இல் காலாவதியாகிவிட்டது. யார் எந்தக் காட்டில் பாடுபடுகிறார்கள் என்று ஊருக்குத் தெரியாதா? அப்படியொரு சான்றிதழைக் கொண்டுவந்து மானியத்துக்கும் கடனுக்கும் ஏற்றுக்கொள்ளச் சொல்லி நம் பஞ்சாயத்துகள் தீர்மானம் போட்டு மாநில அரசுக்கு அனுப்பட்டும். அடுத்த கிராமசபையில் நான் இதைக் கேட்கப்போகிறேன். வாய்ப்பிருக்கிறவர்கள் அவரவர் வார்டில் கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களே பேசட்டும்.